முத்திரையில்லாக் களஞ்சியம்

சென்ற தவக்காலத்தில் எங்கள் பங்கில் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கென நடைபெற்ற ஒருநாள் பயிற்சியின் முடிவில் ஓர் இளம் ஆசிரியை எழுந்து, "ஃபாதர், விக்கிப்பீடியாவில் பார்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா? அதை நம்பலாமா?" என்று கேட்டார். நான் சற்றும் எண்ணிப் பாராமல், "யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றிருக்கும் ஒன்றை எப்படியம்மா நம்புவது?" என்றேன். கூடியிருந்தோர் சிரித்தனர். கூட்டமும் கலைந்தது. அன்றிரவு ஞாயிறு மறையுரைக்காகப் புனிதர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பைத் தேட நேர்ந்தபோது, என் விரல் தானாகவே கைபேசியில் அதே விக்கிப்பீடியாவைத் திறந்தது. பகலில் பழித்ததை இரவில் நாடிச் சென்ற என் நிலை எனக்கே நகைப்பாயிற்று. அந்த ஆசிரியையின் கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

இத்திங்களிதழில் அவ்வப்போது நூல்களுக்கு மதிப்புரை எழுதிவரும் பழக்கம் எனக்கு உண்டு. அட்டையில் ஆசிரியர் பெயர் இல்லாத, இறுதிப் பக்கம் என ஒன்று இல்லாத, நேற்றுப் படித்தது இன்று மாறியிருக்கக்கூடிய இப்பெருநூலையும் அவ்வாறே எடுத்து ஆராய்ந்தால் என்ன என்று தோன்றியது. அதன் விளைவே இக்கட்டுரை. இதில் என் சொந்தப் பிழை ஒன்றும் இடம்பெறுகிறது. அதனை மறைத்துவிட்டு இப்பொருளைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை.

விக்கிப்பீடியா பிறந்த கதையிலேயே அதன் குணமும் குறையும் அடங்கியுள்ளன. அமெரிக்கரான ஜிம்மி வேல்சும், மெய்யியலில் முனைவர் பட்டம் பெற்ற லாரி சாங்கரும் 2000ஆம் ஆண்டில் 'நியூப்பீடியா' என்னும் இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொடங்கினர். துறை வல்லுநர்களே எழுத வேண்டும். எழுதியது ஏழு கட்ட ஆய்வைக் கடந்த பின்னரே வெளிவர வேண்டும் என்பது அதன் சட்டம். குருமடத்தில் பயின்ற எவருக்கும் இம்முறை அந்நியமாகத் தோன்றாது. தணிக்கையாளர் 'நிஹில் ஓப்ஸ்தாத்', அதாவது தடையேதுமில்லை என்று எழுத, ஆயர் 'இம்ப்ரிமாத்தூர்', அச்சிடப்படுக என்று ஒப்பமிட, அதன்பின் அச்சேறிய நூல்களைப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். விளைவு யாதெனில், 2003இல் மூடப்படும்வரை நியூப்பீடியாவில் முழுமை பெற்ற கட்டுரைகள் இருபத்தைந்து அளவிலேயே நின்றுபோயின. அதற்கு வரைவுகளைத் திரட்டித் தரும் துணைக்கருவியாக 2001 ஜனவரி 15இல் தொடங்கப்பட்ட விக்கிப்பீடியாவோ ஓராண்டில் ஏறத்தாழ 20,000 கட்டுரைகளை எட்டிவிட்டது. பிள்ளை தாயை விழுங்கிய கதைதான். சாங்கர் 2002இல் விலகிச் சென்று, பின்னாளில் அதன் கடுமையான விமரிசகரானார். உண்மைப் பெயரோடு எழுதுவோரையும் வல்லுநர் மேற்பார்வையையும் கொண்ட 'சிட்டிசெண்டியம்' என்னும் வேறொரு களஞ்சியத்தை 2007இல் திறந்தும் பார்த்தார். அது தழைக்கவில்லை.

நம் மொழியில் ம. ப. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வந்தது 1954இல். பத்தாம் தொகுதி வந்தது 1968இல். அத்தொகுதிகள் எங்கள் குருமட நூலகத்தின் கீழ்த்தட்டில் வரிசையாக நின்றதை இன்றும் மனக்கண்ணில் காண்கிறேன். எழுதியவருக்கு ஒரு முகம் இருந்தது. தவறு நேர்ந்தால் கேட்க ஒரு முகவரி இருந்தது. ஆயினும் அப்பத்துத் தொகுதிகளிலும் மனிதன் இன்னும் நிலவில் கால் வைக்கவில்லை. நாங்கள் அவற்றைப் புரட்டிய நாள்களிலோ, அவன் கால் வைத்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

பொறுப்பேற்க ஆள் இருந்துவிட்டால் பிழை இராதா? 2005 டிசம்பரில் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழ் இதனைச் சோதித்தது. அறிவியல் தலைப்புகளில் பிரித்தானிக்காவிலிருந்தும் விக்கிப்பீடியாவிலிருந்தும் இணை இணையாகக் கட்டுரைகளை எடுத்து, எது எதனுடையது எனக் கூறாமல் வல்லுநர்களிடம் கொடுத்தது. 42 இணைகள் ஆய்வு செய்யப்பட்டன. விக்கிப்பீடியாவில் 162 பிழைகளும் பிரித்தானிக்காவில் 123 பிழைகளும் சுட்டப்பட்டன. கட்டுரை ஒன்றுக்கு ஏறத்தாழ நான்கு, மூன்று எனக் கொள்ளலாம். பெரும்பிழைகள் இரண்டிலும் நந்நான்கு. பிரித்தானிக்கா 2006இல் இவ்வாய்வைச் சினத்துடன் மறுத்தது. நேச்சர் தன் முடிவை விலக்கிக்கொள்ளவில்லை. விக்கிப்பீடியாவின் அன்பர்கள் இன்றும் இதனைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடுவது சற்று மிகை. அது அறிவியல் கட்டுரைகளை மட்டும் பார்த்த ஆய்வு; ஆண்டுகளும் பல கடந்துவிட்டன. நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு. தோல் அட்டையும் பொன் எழுத்தும் கொண்ட அக்களஞ்சியத்தில் கட்டுரைக்கு மூன்று பிழை இருக்கக்கூடும் என்று நம்முள் எவரும் ஒருநாளும் ஐயுற்றதில்லை.

பிழை வேறு, பழி வேறு. ஜான் சீகந்தாலர் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராகப் பணியாற்றியவர். அவருடைய சவப்பெட்டியைச் சுமந்தவர்களுள் ஒருவர். 2005 மே மாதத்தில் பெயர் தெரியாத ஒருவர், கென்னடி சகோதரர் இருவரின் கொலையிலும் சீகந்தாலருக்குத் தொடர்பு இருந்ததாகக் கருதப்பட்டதென்று விக்கிப்பீடியாவில் எழுதிவைத்தார். உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவரைக் கேலி செய்வதற்காக எழுதியதாம்! நான்கு மாதங்களுக்கு மேல் அப்பழி அங்கேயே கிடந்தது. 78 வயதில் அம்முதியவர் தம்மைப் பற்றி உலகம் என்ன படித்துக்கொண்டிருக்கிறது என்பதை அறிந்து, 'யுஎஸ்ஏ டுடே' நாளிதழில் தம் மன வேதனையை வெளியிட்டார். அதன்பின் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதிய கட்டுரைகளைப் பதிவு செய்த பயனரே தொடங்கலாம் என விதி திருத்தப்பட்டது. நாளிதழ் ஒன்று இதனைச் செய்திருந்தால் ஆசிரியர் மன்னிப்புக் கேட்டிருப்பார். நீதிமன்றம் இழப்பீடு விதித்திருக்கும். இங்கே மன்னிப்புக் கேட்கவேண்டிய இடத்தில் ஒருவரும் இல்லை. திறந்த களஞ்சியத்தின் மீது எனக்குள்ள முதன்மையான குற்றச்சாட்டு இதுவே. எண்ணிக்கையில் நான்கா மூன்றா என்பது இதற்கு அடுத்த கேள்வி.

கத்தோலிக்க வாசகர்களாகிய நாம் தனிக் கவனத்துடன் நோக்கவேண்டிய நிகழ்ச்சி மற்றொன்று உண்டு. 'எஸ்ஸஜே' என்னும் புனைபெயரில் எழுதிவந்த ஒருவர், தாம் பல்கலைக்கழகமொன்றில் இறையியல் பேராசிரியர் என்றும், இறையியலிலும் திருச்சபைச் சட்டத்திலும் முனைவர் பட்டங்கள் பெற்றவர் என்றும் அறிவித்துக்கொண்டார். கத்தோலிக்க சமயம் பற்றிய கட்டுரைகளைத் திருத்தினார். வழக்குகளைத் தீர்க்கும் நடுவர் குழுவில் இடம்பெறும் அளவுக்கு உயர்ந்தார். 2006இல் 'நியூயார்க்கர்' இதழ் விக்கிப்பீடியாவைப் பற்றிய நீண்ட கட்டுரையில் அவரைப் பேராசிரியர் என்றே அறிமுகப்படுத்தியது. 2007இன் தொடக்கத்தில் உண்மை வெளிப்பட்டது. அவர் உயர் பட்டம் எதுவும் இல்லாத 24 வயது இளைஞர். இதில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது ஒரு சிறு செய்தி. 'இம்ப்ரிமாத்தூர்' என்னும் கட்டுரை பற்றி எழுந்த விவாதத்தில், புதியோருக்குக் கத்தோலிக்கத்தை எளிமையாக விளக்கும் வழிகாட்டி நூல் ஒன்றை அவர் சான்றாகக் காட்டினார். அதனைத் தம் மாணவர்க்குத் தாமே பாடநூலாக வைப்பதாகவும், அதன் நம்பகத்திற்குத் தம் முனைவர் பட்டத்தையே பணயம் வைப்பதாகவும் எழுதினார். ஆயரின் அனுமதி முத்திரையைப் பற்றிய கட்டுரைக்கே போலி முத்திரை!

ஆனால் இதற்குக் காரணம் களஞ்சியம் திறந்து கிடந்ததுதான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விக்கிப்பீடியாவின் சொந்தச் சட்டப்படி எழுதுபவரின் பட்டத்திற்கு அங்கே மதிப்பில்லை. வெளியிடப்பட்ட சான்றுக்கே மதிப்பு. அச்சட்டத்தைக் கறாராகப் பிடித்திருந்தால் அந்த இளைஞரின் பொய்யால் பெருந்தீங்கு விளைந்திராது. இறையியல் பேராசிரியர் என்றதும் எதிர்நின்றவரின் கை தளர்ந்துவிட்டது. அந்தத் தளர்ச்சி நம்மிடமும் நிரம்ப உண்டு. திருவுடை அணிந்து பீடத்தில் நின்று நான் ஓர் ஆண்டைத் தவறாகச் சொன்னால், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்கூட எழுந்து மறுப்பதில்லை. திருப்பலி முடிந்தபின் வாசலில் நின்று, "சாமி, அது வந்து..." என்று தலையைச் சொறிவதோடு சரி.

படியெடுப்போரின் பொறுப்பையும் சொல்லியாக வேண்டும். 2009 மார்ச்சில் மொரீஸ் ஜார் என்னும் பிரெஞ்சுத் திரையிசை மேதை காலமானார். அன்று அயர்லாந்தின் கல்லூரி மாணவர் ஒருவர், தம் கற்பனையில் பிறந்த உருக்கமான ஒரு கூற்றை ஜார் சொன்னதாக விக்கிப்பீடியாவில் சேர்த்தார். செய்தியாளர்கள் சரிபார்க்கிறார்களா என்று அறிவதே அவர் நோக்கம். சான்றில்லை எனக் கண்டு களஞ்சியத்தின் தன்னார்வலர்கள் அதனை நீக்கினர். அதற்குள் பல நாடுகளின் பத்திரிகைகள் அதனை இரங்கற் குறிப்பில் அச்சிட்டுவிட்டன. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து அம்மாணவரே எழுதித் தெரிவித்த பின்புதான் அவை விழித்தன. இலண்டன் 'கார்டியன்' தன் தவற்றை ஒப்புக்கொண்டு எழுதியது. ஊதியம் பெறாத தன்னார்வலர் கண்ட பிழையை, ஊதியம் பெற்ற செய்தியாசிரியர் காணவில்லை.

இது கணினி கொணர்ந்த புது நோய் என்று எண்ணிவிடலாகாது. நம் வீரமாமுனிவரையே எடுத்துக்கொள்வோம். சென்னைக் கல்விச் சங்கத்தைச் சார்ந்த முத்துசாமிப் பிள்ளை 1822இல் முனிவரின் சரித்திரத்தை எழுதினார். முனிவர் மறைந்து முக்கால் நூற்றாண்டுக்குப் பின், மக்கள் வாய்மொழியையும் பெரிதும் தழுவி எழுதப்பட்டது அது. அவர் சந்தா சாகிபிடம் திவானாக இருந்தார், பல்லக்கில் பவனி வந்தார் என்பன போன்ற செய்திகள் நூலுக்கு நூல் தாவிப் பள்ளிப் பாடம்வரை வந்து சேர்ந்தன. பின்னாளில் சேசு சபையாரின் கடிதங்களையும் ஆவணங்களையும் ஆராய்ந்தோர் அவற்றுள் பலவற்றை ஐயுற்றனர். அவர் இறந்த ஆண்டுகூடப் பழைய நூல்கள் பலவற்றில் 1742 என்றிருக்க, இன்று 1747 என்பதே பெரிதும் ஏற்கப்படுகிறது. பழைய ஆண்டைத் தாங்கிய விழா மலர்களை நானே பார்த்திருக்கிறேன். அச்சில் ஏறிய பிழைக்கு 'திருத்து' என்னும் பொத்தான் கிடையாது.

இன்னும் பெரிய சான்று வேண்டுமெனில் திருச்சபையின் சொந்த வரலாற்றிலேயே உண்டு. மேற்கு உரோமைப் பேரரசின் ஆட்சியைத் திருத்தந்தைக்கு மன்னன் கான்ஸ்தாந்தீன் எழுதிக்கொடுத்ததாகக் கூறும் சாசனம் எட்டாம் நூற்றாண்டு வாக்கில் புனையப்பட்டது. அது போலி என்பதை லொரென்சோ வல்லா 1440இல் அதன் இலத்தீன் நடையைக் கொண்டே மெய்ப்பித்தார். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள்! சீகந்தாலர் பெற்றது நான்கு மாதம். இதனைச் சொல்வதால் முன்னதன் கொடுமை குறைந்துவிடாது. ஆயினும் முத்திரை என்பது மெய்ம்மைக்கு உறுதியன்று என்பதை நாமே முதலில் ஒப்ப வேண்டியவர்கள். உண்மையில் இம்ப்ரிமாத்தூரும் அவ்வளவு பெரிய உரிமையைக் கோரியதில்லை. விசுவாசத்திற்கும் ஒழுக்கத்திற்கும் முரணானது இதில் இல்லை என்பதே அதன் பொருள். ஆண்டுகளும் எண்களும் சரி என்று எந்த ஆயரும் ஒப்பமிட்டதில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. 1907 முதல் 1912 வரை நியூயார்க்கில் பதினைந்து தொகுதிகளாக வெளிவந்த ஆங்கிலக் கத்தோலிக்கக் கலைக்களஞ்சியம் ஆயரின் முத்திரை பெற்றது, புலமை மிக்கது. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டமையால், விக்கிப்பீடியா தன் தொடக்க நாள்களில் திருத்தந்தையர், புனிதர், மறைமாவட்டங்கள் பற்றிய கட்டுரைகளுக்கு அதிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்துக்கொண்டது. எனவே முத்திரையற்ற களஞ்சியம் என்று நாம் ஒதுக்கும் பக்கங்களில் நம் முத்திரை பெற்ற உரைநடையே சில இடங்களில் ஒளிந்திருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அரை நூற்றாண்டு முற்பட்ட கண்ணோட்டமும் அதனுடன் ஒளிந்திருக்கிறது. வழிபாடு பற்றியோ பிற சமயத்தார் பற்றியோ ஒரு வாக்கியம் திடீரென்று பாட்டனார் குரலில் பேசினால், அடிக்குறிப்பைப் பாருங்கள்.

இனித் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு வருவோம். 2003இல் தொடங்கி, 2017இல் ஓர் இலட்சம் கட்டுரைகளைக் கடந்து, இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேல் வளர்ந்து நிற்கிறது. தமிழகத்திலும் ஈழத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் வாழும் தன்னார்வலர் சிலரின் உழைப்பு அது. கூலி வாங்காத உழைப்பு. அதனை வாழ்த்தாமல் குறை சொல்லத் தொடங்குபவர் நன்றியற்றவர். ஆயினும் மதிப்புரையாளன் மௌனம் காக்க இயலாது. கட்டுரைகள் பல ஆங்கிலத்தின் நிழலிலேயே நடக்கின்றன. வினைமுற்று எங்கோ தொலைந்துபோக, எழுவாய் தனியே நின்று தவிக்கிறது. 'ஸ', 'ஜ', 'ஷ' போன்ற கிரந்த எழுத்துகளை ஏற்பதா தவிர்ப்பதா என்னும் வாதம் அங்கே ஓய்ந்தபாடில்லை. அதனால் பழைய செப நூலில் ஒரு விதமாகவும் பொது மொழிபெயர்ப்பில் மற்றொரு விதமாகவும் படித்த பெயரை அங்கே மூன்றாம் விதமாகக் காண்கிறோம். இவை தீராக் குறைகளல்ல. உண்மையான ஆபத்து வேறிடத்தில் உள்ளது.

திறந்த களஞ்சியத்தின் காவல் பல கண்களின் காவல். ஆங்கிலத்தில் ஒரு பிழையை ஆயிரம் பேர் கடந்து செல்வர். ஒருவராவது நின்று திருத்துவர். சிறு மொழிகளில் அக்கண்கள் இல்லை. ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் பல்லாயிரம் கட்டுரைகளை எழுதியவர், அம்மொழியே அறியாத அமெரிக்கச் சிறுவர் ஒருவர் என்பது 2020இல் தெரியவந்தது. பன்னிரண்டு வயதில், நல்லெண்ணத்தோடுதான் தொடங்கினாராம். பல ஆண்டுகள் எவரும் கவனிக்கவில்லை. குரோவாசிய மொழியிலோ நல்லெண்ணம் இல்லை. ஒரு சிறு குழு அம்மொழிக் களஞ்சியத்தைக் கைப்பற்றி, இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் கொடிய ஆட்சியை வெள்ளையடித்து எழுதியது. 2013இல் அந்நாட்டுக் கல்வியமைச்சரே மாணவரை எச்சரிக்க வேண்டியதாயிற்று. 2021இல் விக்கிமீடியா நிறுவனம் வெளியிட்ட ஆய்வறிக்கை அத்திரிபை உறுதிப்படுத்தியது. தமிழ் அவ்வளவு சிறிய மொழியன்று. ஆயினும் நம் ஊர்க் கோயில், நம் மறைமாவட்டம், நம் சாதிக் கலவரம் பற்றிய ஒரு கட்டுரையை எத்தனை கண்கள் காவல் காக்கின்றன? பல வேளைகளில் எழுதியவரின் இரண்டு கண்கள் மட்டுமே.

அப்படியாயின் அந்த ஆசிரியைக்கு என்ன சொல்வது? குருமடத்தில் எங்களுக்குப் புதிய ஏற்பாடு கற்பித்த பேராசிரியர், நெஸ்லே-ஆலந்து கிரேக்கப் பதிப்பின் மேற்பகுதியைவிட அடிக்குறிப்பையே அதிகம் படிக்கச் செய்வார். எந்தச் சுவடியில் எந்தச் சொல் உள்ளது, எதில் இல்லை என்பதெல்லாம் அங்கே நுண்ணெழுத்தில் இருக்கும். "சுவடிகளை எண்ணாதே, தம்பி, எடை போடு" என்பார். ஒரே மூலத்திலிருந்து படியெடுத்த நூறு சுவடிகள் ஒரு சாட்சிக்குத்தான் சமம் என்பது அதன் விளக்கம். விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு பக்கத்துக்கும் அத்தகைய அடிக்குறிப்பு ஒன்று உண்டு என்பதை நான் மிகத் தாமதமாகவே அறிந்தேன். தலைப்புக்கு அருகே 'வரலாறு' என்றும் 'உரையாடல்' என்றும் இருப்பவை அவை. யார், எந்நாளில், எந்தச் சொல்லை மாற்றினார், ஏன் சண்டையிட்டனர் என்பதெல்லாம் அங்கே அழியாமல் கிடக்கிறது. அச்சிட்ட எந்தக் களஞ்சியமும் தன் சமையலறையை இப்படித் திறந்து காட்டியதில்லை. அதனைப் பார்க்கத் தெரிந்தவருக்கு விக்கிப்பீடியா நல்ல கருவி; பாராமல் மேல்வரியை மட்டும் எடுத்துச் செல்பவருக்கு அது சந்தைப் பேச்சு. ஆசிரியை ஒரு செய்தியை எடுக்கலாம். அதன் அருகிலுள்ள சான்று எண்ணைத் தொட்டு, அச்சான்று உண்மையிலேயே அதனைச் சொல்கிறதா என்று பார்த்துவிட்டு எடுக்கலாம். இப்போது வந்துள்ள செயற்கை அறிவு எந்திரங்கள் விக்கிப்பீடியாவையும் உண்டு வளர்ந்தவையே. ஆனால் அவை விடையை மட்டும் நயமாக எடுத்துரைக்கும்போது அந்த வரலாற்றுப் பக்கமும் சண்டைப் பக்கமும் நம் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றன. எனக்கு அச்சம் தருவது அதுதான்.

சான்றைப் பார்த்தால் மட்டும் போதுமா என்றால், அங்கேதான் என் கதை வருகிறது.

2002இல் கடலோரப் பங்கு ஒன்றில் துணைப் பங்குத்தந்தையாக இருந்தேன். விழா மலர் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கோயில் எழுந்த ஆண்டு எது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. வயது முதிர்ந்த உபதேசியார், "எங்க தாத்தா பெரிய பஞ்சத்துக்கு முந்தியே கட்டினதாகச் சொல்லுவார் சாமி, எழுபத்திரண்டு வாக்கில் இருக்கும்" என்றார். அச்சகத்தார் அவசரப்படுத்தினர். 'கி.பி. 1872இல் இவ்வாலயம் எழுப்பப்பெற்றது' என்று எழுதினேன். 'என்பர்' என ஒரு சொல்லைச் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. நடை கம்பீரமாக இருக்க வேண்டும் என்பது அந்த வயதின் ஆசை.

ஆண்டுகள் சென்றன. யாரோ ஓர் அன்பர் அக்கோயிலைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதி, 1872 என்பதற்கு என் மலரைப் பக்க எண்ணோடு சான்று காட்டியிருக்கிறார். விதிப்படி மிகச் சரியான செயல். பின்னர் அப்பங்கின் இளைஞர் ஒருவர் தொலைபேசியில் என்னை அழைத்தார். "ஃபாதர், 2022இல் நூற்றைம்பதாம் ஆண்டு விழா எடுக்கிறோம். கட்டிய ஆண்டு 1872தானே?" "எங்கே பார்த்தாய், தம்பி?" "விக்கிப்பீடியாவில் இருக்கிறது, ஃபாதர்." "நானும் அப்படித்தான் எழுதிய நினைவு, சரியாகத்தான் இருக்கும்" என்றேன். விழா சிறப்பாக நடந்தது. ஆயர் வந்தார், வாழ்த்துரை நானும் எழுதினேன். வாசலில் பளிங்குக் கல்வெட்டு பதிக்கப்பட்டது.

கடந்த ஆண்டு ஒரு திருமணத்திற்காகப் பழைய திருமுழுக்குச் சான்று ஒன்றைத் தேடி அப்பங்குக்குச் செல்ல நேர்ந்தது. அலமாரியின் அடித்தட்டில் கரையான் அரித்த பதிவேடு ஒன்றைப் புரட்டினேன். அதன் முதல் பக்கத்தில், மறைப்பணியாளர் ஒருவரின் சாய்ந்த கையெழுத்தில் இலத்தீனில் நான்கு வரிகள். அடிக்கல் நாட்டிய நாளும் கோயிலை மந்திரித்த நாளும் அவற்றில் இருந்தன. இரண்டுமே 1879. பஞ்சத்துக்கு முன்பன்று, பின்பு. பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பெயர்கள் அடுத்த பக்கத்திலேயே தொடங்குகின்றன. அக்கோயில் ஏன் எழுந்தது என்பதையே அந்தப் பக்கம் சொல்கிறது. என் கம்பீரமான வாக்கியம் அப்பிள்ளைகளையும் சேர்த்து மறைத்துவிட்டது.

இன்று 1872க்கு மலர், களஞ்சியம், கல்வெட்டு, இரண்டாம் மலர் என நான்கு சாட்சிகள் உள்ளன. நான்கும் என் ஒரு வரியின் படிகள்.

வெட்கத்தோடு விக்கிப்பீடியாவில் பதிவு செய்து ஆண்டைத் திருத்தினேன். மறுநாள் காலை பழைய ஆண்டே திரும்பியிருந்தது. உரையாடல் பக்கத்தில் ஒருவர் வணக்கம் கூறி, வெளியிடப்பட்ட சான்று தருமாறும், மலரில் 1872 என்றே உள்ளதாகவும் பணிவோடு எழுதியிருந்தார். அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத், தம் நாவலுக்குத் தூண்டுதல் எது என்பதைத் தாமே சொன்னபோதும், வேறு சான்று வேண்டும் என்று ஆங்கில விக்கிப்பீடியா கேட்டது. 2012இல் அவர் அதனை ஒரு திறந்த மடலாக 'நியூயார்க்கர்' இதழில் வெளியிட வேண்டியதாயிற்று. அதனைப் படித்தபோது நான் சிரித்தவன். என் முறை வந்தபோது சிரிக்க இயலவில்லை. அம்மலரை எழுதியவனே நான்தான், நான் ஒரு குரு என்று அங்கே எழுதலாமா என ஒரு கணம் எண்ணினேன். எஸ்ஸஜேயும் அப்படித்தானே ஏதோ எழுதினார்! திருத்தத்தை நீக்கிய அந்த அன்பர் செய்ததே முறை என்று எழுதிவிட்டு வெளியேறினேன்.

அப்பங்கின் இப்போதைய பங்குத்தந்தைக்கு மடல் எழுதினேன். பதிவேட்டின் அப்பக்கத்தைப் படமெடுத்து, இலத்தீன் வாசகத்தோடும் தமிழாக்கத்தோடும் வரும் திருவிழா மலரில் வெளியிட வேண்டும். கல்வெட்டைப் பற்றியும் பங்குப் பேரவையில் பேச வேண்டும் என்று கேட்டிருந்தேன். "மலரில் போட்டுவிடலாம், ஃபாதர். கல்வெட்டை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள், நன்கொடையாளர் பெயர்களும் அதிலேயே இருக்கின்றன" என்று பதில் வந்திருக்கிறது. தமிழாக்கத்தில் ஒரு சொல் மட்டும் கையெழுத்துத் தெளிவின்றி நிற்கிறது. அதன் அருகே கேள்விக்குறி இட்டு வைத்திருக்கிறேன்.